காய்ந்த ரோஜாவில் மணம் நிற்கவே இல்லை. செடி தப்பா, முறை தப்பா?

மாடிச்செடி

வணக்கம். ஒன்றரை வருடமாகத் தொட்டியில் ரோஜா வளர்க்கிறேன், மொத்தம் ஆறு செடி. உதிர்கிற இதழைக் குப்பையில் போட மனம் வராமல் காயவைத்து, கிராம்பும் பட்டையும் தட்டிப் போட்டு ஜாடியில் மூடி வைத்தேன். பாட்பூரி என்கிறார்களே, அதுதான். முதல் வாரம் திறந்தால் கிராம்பு. இரண்டாம் வாரம் பட்டை. மூன்றாம் வாரம் வைக்கோல் போர். ரோஜா எங்கே போனது என்றே தெரியவில்லை.

அக்கா கொடுத்த லாவெண்டர் பொட்டலம் ஒன்று அலமாரியில் ஒரு வருடமாகக் கிடக்கிறது. இன்றும் கசக்கினால் மணக்கிறது. ரோஜாவுக்கு மட்டும் ஏன் இந்த நிலை? கடையில் விற்கும் வாசனை எண்ணெயை ஊற்றிச் சமாளிக்க எனக்கு விருப்பமில்லை. அப்படிச் செய்வதென்றால் இதழே தேவையில்லை, மரத்தூள் போதுமே.

முள்வேலி

முதலில் இதைச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் பறித்தீர்கள், பூ எந்த நிலையில் இருந்தது, எங்கே காயவைத்தீர்கள்? செடியில் இருக்கும்போதே மணம் இருந்ததா?

மாடிச்செடி

வேலை முடிந்து வந்த பிறகு, மாலையில். தானாக உதிரும் நிலையில் இருந்த பூக்கள்தான், செடியில் இருப்பதை வெட்ட மனம் வரவில்லை. மொட்டை மாடி வெயிலில் செய்தித்தாளில் பரப்பி ஒரே நாளில் காய்ந்துவிட்டது. ஆறில் நான்கு செடி நீளக் காம்புள்ள, பூங்கொத்துக் கடை வகை. அவற்றில் மணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. மற்ற இரண்டு பன்னீர் ரோஜா.

முள்வேலி

மாலை நேரம், உதிரும் பூ, நேர் வெயில். மூன்றும் சேர்ந்தால் வைக்கோல்தான் மிஞ்சும். திட்டவில்லை, நானும் இதே மூன்றையும் செய்தவன்.

காலையில் பனி ஈரம் உலர்ந்த பிறகு, வெயில் ஏறும் முன் பறிக்க வேண்டும். பாதி விரிந்து, நடுவில் இருக்கும் கேசரம் இப்போதுதான் தெரிகிறது என்ற நிலை சரியான நிலை. உதிரப் போகும் பூ தன் மணத்தைக் காற்றுக்குக் கொடுத்து முடித்துவிட்டது. அப்புறம் நிழல், காற்றோட்டம், வலைத்தட்டில் ஒற்றை அடுக்கு. செய்தித்தாள் வேண்டாம், அடிப்பக்கம் ஈரம் தங்கிப் பழுப்பாகும். தொட்டால் சருகு போல நொறுங்கும் வரை விடுங்கள். ஈரப்பதத்தைப் பொறுத்து நான்கு நாளும் ஆகும், பத்து நாளும் ஆகும். மழைக்காலத்தில் 35 முதல் 40 டிகிரியில் வைக்கிற மின் உலர்த்தி இருந்தால் நல்லது. அதற்கு மேல் சூடு போனால் மணமும் ஆவியாகிவிடும்.

வாத்தியார்

லாவெண்டர் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் மணத்தை வைத்திருக்கும் இடமே வேறு. லாவெண்டரின் புல்லிவட்டத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. காய்ந்தாலும் அந்தக் குட்டிக் குப்பிகள் மூடியே கிடக்கும், நீங்கள் கசக்கும்போதுதான் உடையும். ரோஜாவுக்கு அந்த மாதிரி குப்பி கிடையாது. இதழின் மேல்தோல் செல்கள் மணத்தை உருவாக்கி உருவாக்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். உயிரோடு இருக்கும் வரை உற்பத்தி, பறித்த பிறகு இருப்பில் உள்ளதுதான். அதனால்தான் முள்வேலி சொன்ன நேரக் கணக்கு.

ரோஜா மணம் என்று நாம் சொல்வதும் ஒரே பொருள் அல்ல. பினைல்எத்தில் ஆல்கஹால், சிட்ரோனெல்லால், ஜெரானியால், நெரால் என்று ஒரு கூட்டம். அதில் டமாஸ்கெனோன் என்று ஒன்று உண்டு. ரோஜா எண்ணெயில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் நம் மூக்கு அதை மிகச் சிறிய அளவிலேயே பிடித்துக்கொள்ளும், அது இல்லாவிட்டால் ரோஜா ரோஜாவாக இராது.

பூங்கொத்து வகைகளில் மணம் ஏன் இல்லை என்பதற்கும் ஓரளவு விடை இருக்கிறது. 2015-இல் பிரான்சில் ஓர் ஆய்வுக் குழு, நன்றாக மணக்கும் பாப்பா மேயாங் வகையையும் மணமே இல்லாத ரூழ் மேயாங் வகையையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஜெரானியாலை ரோஜா மற்ற செடிகளின் வழியில் தயாரிப்பதில்லை, தனக்கென ஒரு நொதியை வைத்திருக்கிறது என்று தெரிந்தது. மணமில்லாத வகையில் அந்த நொதிக்குரிய மரபணு கிட்டத்தட்ட வாய் மூடிக் கிடந்தது. நீளக் காம்பு, பல நாள் வாடாத பூ என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனவர்கள் யாரும் மோந்து பார்க்கவில்லை போலும்.

பழையரோஜா

இந்தக் கேள்விக்காகவே ஐந்து வருடமாக உட்கார்ந்திருந்தேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோஜாக்காரர்கள் 1867-ஐ ஒரு கோடாக வைத்திருக்கிறார்கள். அந்த வருடம் லா பிரான்ஸ் என்ற வகை வந்தது, இன்றைய பூங்கொத்து ரோஜாக்களின் பிரிவான ஹைபிரிட் டீ வரிசையில் முதலாவது என்று அதைச் சொல்வார்கள். அதற்கு முன்பே இருந்த பிரிவுகள் எல்லாம் 'பழைய தோட்ட ரோஜாக்கள்'. பழையது என்பதால் எல்லாம் பாட்பூரிக்கு ஆகும் என்று நினைக்க வேண்டாம். செடியில் மணப்பது வேறு, காய்ந்த பின்பும் மணப்பது வேறு. நான் பார்த்தவரை எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். செடி வாங்கப் போய் பூவை மோந்து பார்த்துவிட்டு மயங்கி வாங்கி வந்துவிடுகிறோம்.

காய்ந்தபின் மணம் நிற்பதில் முதலிடம் காலிகா என்ற பழைய ஐரோப்பிய ரோஜாவுக்கு. அதிலும் 'மருந்துக்கடை ரோஜா' என்று பெயர் வாங்கிய ஆஃபிசினாலிஸ். பிரான்சில் புரொவேன் என்ற ஊர் இதை வைத்தே இடைக்காலத்தில் பெயர் பெற்றது. அந்தக் கால மருந்துக்கடைக்காரர்கள் இதன் இதழைக் காயவைத்து விற்றதற்குக் காரணமே காய்ந்த பின்பும் மணம் போகாததுதான். நிறமும் அப்படியே அடர்ந்து ஒயின் சிவப்பாகும். ரோசா முண்டி என்ற கோடு போட்ட ரோஜா இதிலிருந்தே ஒரு கிளை மாறிப் பிறந்தது. மணம் ஒன்றுதான், ஆனால் காய்ந்தால் வெள்ளைக் கோடெல்லாம் பழுப்பாகிவிடும்.

அடுத்து டமாஸ்க். பல்கேரியாவின் கசான்லக் பள்ளத்தாக்கில் எண்ணெய்க்காகப் பயிரிடுவது இதுதான். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று நான்கு டன் பூ போகும். 2000-ஆம் ஆண்டில் மரபணுவைப் பார்த்தபோது இது மஸ்க், காலிகா, நடு ஆசியாவின் ஃபெட்சென்கோ ரோஜா என்று மூன்று ரோஜாக்களின் கலப்பு என்று தெரிந்தது. மூன்றாவது உறவினர் யாருமே எதிர்பாராதவர். டமாஸ்க் இதழ் மெலிசு, வெளிர் நிறமாகக் காயும், பார்வைக்குச் சுமார். ஆனால் உப்பில் போட்டால் இதை மிஞ்ச ஆளில்லை.

சென்டிபோலியா, அதாவது நூறிதழ் ரோஜா, பிரான்சில் கிராஸ் வாசனைத் தோட்டங்களில் மே மாதம் பூப்பது. இதழ் ஏராளம், தேன் கலந்த மணம்.

டீ ரோஜாவை விட்டுவிடுங்கள். செடியில் அபாரமாக இருக்கும். காய்ந்தால் அந்தத் தேயிலை மணம் எங்கேயோ பறந்துவிடும். நான் ஒரு முழு ஜாடி வீணடித்தேன்.

மழைமுகில்

பழையரோஜா, பட்டியல் வாயில் நீர் ஊற வைக்கிறது. ஆனால் கேட்டவர் தொட்டியில், வெயில் மாடியில் வளர்க்கிறார். காலிகாவும் ஒருமுறை பூக்கும் டமாஸ்க்கும் குளிர்காலம் இல்லாத இடத்தில் இலையாக வளர்ந்துகொண்டே போகும், பூ வராது. எனக்கு ஆஃபிசினாலிஸ் நான்கு வருடம் இருந்தது. மொத்தம் மூன்று பூ. ஒரு பூவுக்கு ஆன செலவை நினைத்தால் இப்போதும் தூக்கம் கெடும்.

பழையரோஜா

நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். குளிர் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வரிசை உண்டு. இலையுதிர்கால டமாஸ்க் (கத்ர் சேஸோன்) மறுபடி பூக்கும். போர்ட்லண்ட் பிரிவில் ரோஸ் தெ ரெஷ்ட் குட்டைச் செடி, தொட்டிக்கென்றே பிறந்தது, அடர் நிறம், காய்ந்தால் நன்றாக நிற்கும். போர்பன் பிரிவில் லூயிஸ் ஓடியே (1851), மதாம் இசாக் பெரேர் (1881). இரண்டும் கனமான மணம். முள்ளுக்குப் பயந்தவர்களுக்கு செஃபிரின் த்ரூயேன் இருக்கிறது, முள்ளே கிடையாது. 1897-இல் வந்த குரூஸ் ஆன் டெப்லிட்ஸ் வெயிலைத் தாங்கும், காரமான மணம், சிவப்பு. குளிர் பகுதியில் இருப்பவர்கள் ருகோசாவை மறக்க வேண்டாம். ரோஸரே த லே (1901) கிராம்பு போல மணக்கும். மருந்தடிக்கவும் வேண்டாம், அடித்தால் அதன் இலைதான் கருகும்.

மாடிச்செடி, உங்கள் பன்னீர் ரோஜாவைக் குறைத்து எண்ணாதீர்கள். அந்தப் பெயரில் புழங்கும் செடிகள் சில டமாஸ்க், சில எட்வர்ட். எட்வர்ட் என்பது போர்பன் பிரிவின் ஆதி. 1800-களின் தொடக்கத்தில், பூர்போன் என்று அழைக்கப்பட்ட ரீயூனியன் தீவில், வேலியாக நட்டிருந்த சீன ரோஜாவும் இலையுதிர்கால டமாஸ்க்கும் தாமாகக் கலந்து பிறந்தது. அப்படியானால் உங்களிடம் சரியான செடி ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. நான்கை யாருக்காவது கொடுத்துவிட்டு அந்த இரண்டை எட்டாக்குங்கள்.

மாடிச்செடி

இது எனக்குத் தோன்றவே இல்லை. குச்சியில் வருமா, பதியன்தான் போட வேண்டுமா?

முள்வேலி

இரண்டும் வரும். பென்சில் கனக் குச்சி, ஒரு சாண் நீளம், பூத்து முடிந்த கிளையிலிருந்து. சொந்த வேரில் நிற்கும் செடிதான் நல்லது. ஒட்டுச் செடி என்றால் அடியிலிருந்து வரும் வேர்க்கன்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாற்றுப் பண்ணையில் 'டமாஸ்க்' என்று வாங்கிய செடி, இரண்டு வருடம் கொடி போல ஓடி, கடைசியில் ஐந்து இதழில் மணமில்லாத வெள்ளைப் பூ கொடுத்தது. மேலே ஒட்டு எப்போதோ செத்துவிட்டது, நான் பக்தியோடு தண்ணீர் ஊற்றியது கீழே இருந்த வேர்ச்செடிக்கு.

வளர்ப்பில் மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். தினம் ஆறு மணி நேர வெயில், நாற்பது லிட்டருக்குக் குறையாத தொட்டி. தழைச்சத்தை அள்ளிப் போடாதீர்கள், செடி இலையாகக் கொழுத்து அசுவினிக்கு விருந்தாகும். மட்கிய தொழு உரம் போதும். மூன்றாவது கவாத்து. மறுபடி பூக்கும் வகைக்கு வழக்கம் போல வெட்டலாம். வருடத்தில் ஒருமுறை பூப்பது போன வருடக் கிளையில்தான் பூக்கும். அதை ஓய்வுக் காலத்தில் வெட்டினால் அந்த வருடப் பூவையே வெட்டியதாகும். பூத்து முடிந்ததும் வெட்டுங்கள்.

போர்பனின் நீளக் கிளைகளை வெட்டவே வேண்டாம், வளைத்துக் கிடையாகக் கட்டுங்கள். நுனியில் மட்டும் பூத்த கிளை கணுவுக்குக் கணு பூக்கும். இதழ் வேண்டும் என்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை.

கல்லுப்பு

எல்லோரும் செடியைப் பற்றியே பேசுகிறீர்கள். முறையைத் தொடவே இல்லை. பாட்பூரி என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே 'அழுகிய பானை' என்றுதான் பொருள். காய்ந்த இதழைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்குவது பிற்கால அலங்காரம். ஆதியில் இருந்தது ஈர முறை.

இதழை ஒன்று இரண்டு நாள் மட்டும் உலர்த்துங்கள். சருகாகக் கூடாது, மெல்லிய தோல் போலத் துவண்டு இருக்க வேண்டும், அளவு பாதியாகச் சுருங்கியிருக்கும். மூன்று பங்கு இதழுக்கு ஒரு பங்கு கல் உப்பு, அயோடின் சேர்க்காதது. அகல வாய் ஜாடியில் ஒரு அடுக்கு இதழ், ஒரு பிடி உப்பு, மறுபடி இதழ். மேலே ஒரு தட்டு, அதன்மேல் கனம். உலோகப் பாத்திரம் வேண்டாம். தினம் மரக்கரண்டியால் கிளறுங்கள். நீர் விட்டால் பயப்பட வேண்டாம், கலந்துவிடுங்கள். இரண்டிலிருந்து ஆறு வாரத்தில் கெட்டிக் கட்டியாகும். அதை உதிர்த்து, மசாலாப் பொருளும் மணம் தாங்கியும் (மணத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடும் பொருள்) சேர்த்து, இன்னும் ஆறு வாரம் மூடி வைக்க வேண்டும்.

பார்க்க அழகாக இருக்காது. பழுப்பு மண் போல இருக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஓட்டை போட்ட மூடியுள்ள பீங்கான் ஜாடியில் வைத்தார்கள். அதற்கு உள்ளே ஓட்டையில்லாத இன்னொரு மூடி. அதை எடுத்தால் மணம், மூடினால் சேமிப்பு. என் ஜாடிக்கு ஏழு வயது.

மழைமுகில்

ஏழு வருடம் மணப்பது ரோஜாவா, நீங்கள் போட்ட கிராம்பா? எனக்கு அதுதான் சந்தேகம். ஈர முறையில் கடைசியில் வருவது பழைய பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு கனமான வாசனை. இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் பூவின் மணம் அல்ல. சிவப்பு இதழ், முழு மொட்டு, அதன் நிறம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பதற்காகத்தான் நான் உலர் முறை செய்கிறேன். ஆறு மாதத்தில் மங்கினால் மாற்றிவிடலாமே, செடி பூத்துக்கொண்டுதானே இருக்கிறது.

கல்லுப்பு

வருடம் முழுக்கப் பூக்கிற செடி இருப்பவருக்கு அது சரி. ஒரே மாதம் பூக்கிற செடியை வைத்துக்கொண்டு பதினொரு மாதம் காத்திருப்பவர் என்ன செய்வார்? உப்பு முறை பிறந்ததே அவருக்காக. அப்புறம், கிராம்பு விஷயம். முதல் இரண்டு வருடம் நானும் அள்ளிப் போட்டேன். இப்போது ஒரு லிட்டர் ஜாடிக்கு ஐந்தாறு கிராம்பு, ஒரு விரல் பட்டை, அவ்வளவுதான். மாடிச்செடியின் முதல் ஜாடியில் ரோஜா காணாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பந்தயம் கட்டுவேன்.

வாத்தியார்

மழைமுகில் சொல்வதில் உண்மை இருக்கிறது. மெல்லிய பொருட்கள் முதலில் பறக்கும், கனமானவை தங்கும். ஜாடிக்குள் இருப்பது காலப்போக்கில் வேறொரு வாசனையாக முதிர்கிறது. அது குறையா நிறையா என்பதை மூக்குக்கு விட்டுவிடுகிறேன்.

மணம் தாங்கி பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அது எளிதில் ஆவியாகாத ஒரு பொருள். மெல்லிய மணங்களைத் தன்னோடு ஒட்டவைத்து மெதுவாக விடும். எல்லோரும் சொல்வது ஓரிஸ் வேர். ஐரிஸ் செடியின் கிழங்கைக் காயவைத்து இரண்டு மூன்று வருடம் பழசாக்கினால்தான் அதற்கே வாசம் வரும். பச்சையில் ஒன்றும் இருக்காது. தூளாக வேண்டாம், கண்ணாடி முழுக்கப் படியும், சிலருக்குத் தும்மலும் தோல் அரிப்பும் வரும். சிறு துண்டுகளாக வாங்குங்கள். நான்கு கோப்பை இதழுக்கு ஒன்று இரண்டு மேசைக்கரண்டி.

கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். சாம்பிராணியும் வெட்டிவேரும் இதே வேலையைச் செய்யும். சாம்பிராணியைப் பொடிக்காமல் குருணையாகத் தட்டிப் போடுங்கள், அதில் வனிலா போன்ற ஓர் இனிப்பு இருக்கிறது, ரோஜாவோடு நன்றாகப் போகும். வெட்டிவேர் மண் வாசம். அதிகமானால் ரோஜாவை விழுங்கிவிடும்.

பூனைவீடு

குறுக்கிடுகிறேன். பூனை, நாய் இருக்கும் வீட்டில் ஜாடியை உயரத்தில் வையுங்கள். உப்பும் ஆபத்து, வாசனை எண்ணெய் அதைவிட ஆபத்து, குறிப்பாகப் பூனைக்கு. எங்கள் வீட்டில் தட்டிவிட்டுப் படுத்து உருண்டது, குளிப்பாட்ட நான் பட்ட பாடு இருக்கிறதே.

மாடிச்செடி

மூன்று மாதம் கழித்து வருகிறேன். நடந்ததை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

பன்னீர் ரோஜாவில் பன்னிரண்டு குச்சி வைத்தேன், ஏழு பிடித்தன. பூங்கொத்து வகையில் மூன்றைக் கொடுத்துவிட்டேன், ஒன்றின் மேல் மட்டும் பாசம்.

இரண்டு முறையும் செய்து பார்த்தேன். முதல் உப்பு ஜாடி பூஞ்சை பிடித்துப் போனது. துவள வைக்கும் பொறுமை இல்லாமல் காலையில் பறித்ததை மாலையே போட்டுவிட்டேன், உப்பும் கண் அளவுதான். வெள்ளையாக ஒரு படலம், நாற்றம் தாங்கவில்லை. 'அழுகிய பானை' என்று கல்லுப்பு சொன்னதை இவ்வளவு நேரடியாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டாவதில் இரண்டு நாள் துவள வைத்தேன், உப்பைக் கோப்பையால் அளந்தேன். நான்காம் வாரம் கட்டியானது. மூன்று கிராம்பு, சாம்பிராணிக் குருணை, கொஞ்சம் வெட்டிவேர். திறந்தவுடன் முதலில் வருவது சாம்பிராணி இனிப்பு, ஒரு மூச்சு விட்டு அடுத்து ரோஜா. மழைமுகில் சொன்ன பழைய பெட்டி வாசனையும் உண்டு, ஆனால் எனக்கு அது பிடித்திருக்கிறது.

உலர் முறையில் செய்த கிண்ணம் பார்க்க நன்றாக இருக்கிறது, பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் மணம். ஆனால் ஒரு புதுப் பிரச்சினை. அதில் குண்டூசித் தலை அளவு பழுப்பு வண்டுகள். எங்கிருந்து வந்தன?

முள்வேலி

மசாலாவோடு வந்திருக்கலாம், இதழிலேயும் வந்திருக்கலாம். சிகரெட் வண்டு, மருந்துக்கடை வண்டு என்று இரண்டு வகை, காய்ந்த செடிப்பொருள் எதுவானாலும் சாப்பிடும். பைக்குள் காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்தவுடன் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். இனிமேல் கலக்கும் முன்பே எல்லாவற்றையும் இப்படி ஒரு சுற்று அனுப்பிவிடுங்கள். உப்பு ஜாடிப் பக்கம் வண்டு அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை.

கல்லுப்பு

கவனித்தீர்களா மழைமுகில், உப்பு ஜாடிக்கு இன்னொரு மதிப்பெண்.

மழைமுகில்

கவனித்தேன். வண்டுக்குக்கூடப் பிடிக்காத வாசனை என்று குறித்துக்கொண்டேன் :)

மாடிச்செடி

கடைசியாக ஒரு கேள்வி. புதுச் செடிகள் பூக்க ஆரம்பித்தால் அந்த இதழை இந்த ஜாடியிலேயே சேர்க்கலாமா, புது ஜாடி தொடங்க வேண்டுமா?

கல்லுப்பு

மசாலா கலந்துவிட்ட ஜாடியில் வேண்டாம். இன்னொரு ஜாடியில் உப்பும் இதழும் மட்டும் வைத்து, பூக்கும் காலம் முழுக்கக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துக்கொண்டே போங்கள், ஒவ்வொரு முறையும் துவள வைத்து, ஒவ்வொரு முறையும் அளந்த உப்போடு. கடைசிப் பிடி போட்டு ஒரு மாதம் ஆனதும் பழைய ஜாடியோடு கலந்துவிடலாம். தேதி எழுதி ஒட்டுங்கள். நான் எழுதாமல் விட்டதால்தான் என் ஜாடிக்கு வயது ஏழா எட்டா என்று வீட்டில் இன்னும் சண்டை.